சாட்டையின் நுனியில் நிற்பவர்கள் படிக்க வேண்டிய படிப்பு

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது பாலவனத்தம். பொழுது விடியும் முன்பே அந்தச் சாலையில் மில் வேன்கள் ஓடத் தொடங்கிவிடும். தூக்குச்சட்டியோடு நம் பெண் பிள்ளைகள் ஏறிப் போவார்கள். வெயில் ஏறியதும் மிளகாய் வத்தல், மல்லி, பருத்தி, கரிமூட்டை ஏற்றிய வண்டிகள் விருதுநகர்ப் பக்கம் நகரும். அருப்புக்கோட்டையைத் தொட்டுச் செல்லும் மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் இரவு பகல் பாராமல் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

இவற்றையெல்லாம் பார்த்தே வளர்ந்தவர்கள் நம் காலனிப் பிள்ளைகள். ஆனால் இந்த ஓட்டம் முழுவதையும் திட்டமிடுவதற்கென்றே இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு ஒன்று உண்டு என்று சொன்னால், கல்லூரி முடித்த பிள்ளைகளே வியப்போடு பார்க்கிறார்கள். பெற்றோரோ, "மூட்டை தூக்குறதுக்கு எம்.பி.ஏ. படிக்கணுமா?" என்று கேட்கிறார்கள். கேலியாக அவர்கள் கேட்கவில்லை. சரக்கு என்றாலே அவர்களுக்குத் தெரிந்தது முதுகுதான். அந்தச் சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது, எந்த விலைக்குப் போகிறது என்ற கணக்கு ஒருநாளும் அவர்கள் கைக்கு வந்ததில்லை.

அந்தக் கணக்கைத்தான் 'விநியோகச் சங்கிலி மேலாண்மை' என்ற பெயரில் சொல்லித்தருகிறார்கள். சப்ளை செயின் என்று பத்திரிகைகளில் அடிபடுவதும் இதுவே. இந்தப் படிப்பு நமக்கு வேலைக்காக மட்டுமல்ல, வேறு ஒரு காரணத்துக்காகவும் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

படிப்பில் என்ன இருக்கிறது?

மளிகைக் கடையில் தொங்கும் ஒரு மிளகாய்த்தூள் பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம். திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் மானாவாரியாக விளைந்த மிளகாய் அது. பழம் பறித்து, களத்தில் காயவைத்து, சோடை பிரித்து, சாக்கில் திணித்து, கமிஷன் கடைக்குப் போய், எடை போட்டு, ஆலைக்குப் போய், அரைத்து, அடைத்து, மொத்தக் கடை வழியாகச் சில்லறைக் கடைக்கு வருகிறது. இத்தனை கை மாறுவதில் எந்த இடத்தில் எத்தனை நாள் தேங்குகிறது, எவ்வளவு கழிவு போகிறது, யாருடைய பணம் எத்தனை நாள் முடங்குகிறது, விலை எந்தக் கண்ணியில் ஏறுகிறது என்று பார்ப்பதே இந்தப் படிப்பின் சாரம்.

கொள்முதல், இருப்பு, கிடங்கு, போக்குவரத்து, தேவையைக் கணிப்பது, இவற்றுக்கான கணினித் தரவு ஆகியவை இதன் முக்கியப் பாடங்கள். ஒரு காலத்தில் இவை தனித்தனி இலாகாக்களாக இருந்தன. வாங்குகிறவருக்கு விற்கிறவரின் கணக்குத் தெரியாது. கிடங்குக்காரருக்கு லாரிக்காரரின் கணக்குத் தெரியாது. இவை அனைத்தையும் ஒரே சங்கிலியாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பரவியபோது பிறந்ததுதான் இந்தப் பெயர். 1982ஆம் ஆண்டில் கீத் ஆலிவர் என்ற நிர்வாக ஆலோசகர் இதை முதலில் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள்.

பெயர்தான் புதிது. கொள்முதல், இருப்பு, சிட்டை, தரகு, கழிவு என்ற சொற்கள் விருதுநகர் மார்க்கெட்டில் நெடுங்காலமாகப் புழங்குபவை. அந்த மார்க்கெட்டில் சுமை தூக்கிய நம்மவர்களுக்கும் இந்தச் சொற்கள் தெரியும். கணக்கு நோட்டைத்தான் அவர்கள் தொட்டதில்லை.

பாலவனத்தமும் சுதேசிக் கப்பலும்

பாலவனத்தம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு நினைவு வருவது நான்காம் தமிழ்ச் சங்கம். 1901இல் மதுரையில் அந்தச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இந்த ஜமீனுக்கு உரியவர். இன்னொரு செய்தியையும் மாணவர்கள் அறிய வேண்டும். வ.உ.சிதம்பரனார் 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது அதன் தலைவராக இருந்தவரும் பாண்டித்துரைத் தேவர்தான். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மொத்தம் 10 லட்சம் ரூபாய் முதலீடு என்பது கம்பெனியின் திட்டம்.

அந்தக் கம்பெனி ஏன் நிலைக்கவில்லை? ஆங்கிலேய அரசின் அடக்குமுறை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது உண்மை. கூடவே ஒரு விநியோகச் சங்கிலிப் பாடமும் அதில் இருக்கிறது. முதலில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்கு எடுத்தார்கள். போட்டியாளரான பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி நெருக்கடி கொடுக்கவே, வாடகைக் கப்பல் கைவிட்டுப் போனது. 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைச் சொந்தமாகக் கொண்டுவந்தார் வ.உ.சி. எதிரணி கட்டணத்தைக் குறைத்தது. கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாகவும், போதாததற்குக் குடை தருவதாகவும் அறிவித்தது. நீண்ட நாள் நட்டத்தைத் தாங்கும் முதல் யாரிடம் இருக்கிறதோ, அவர்களே கட்டணப் போரில் தாக்குப்பிடிப்பார்கள். 1908இல் வ.உ.சி. சிறைப்பட்ட பின் கம்பெனி தளர்ந்து 1911இல் கலைக்கப்பட்டது. கப்பல் மட்டும் இருந்தால் போதாது, சரக்கும் முதலும் அரசின் கையும் சேர்ந்துதான் கடல்வழி என்பதை இந்த மண் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது.

சரக்காகப் போனவர்கள்

அந்தக் கப்பல்கள் ஓடிய தூத்துக்குடி – கொழும்பு வழித்தடத்தில் நம் முன்னோர்களும் போனார்கள். எந்த வகுப்பில் போனார்கள் என்பதுதான் கேள்வி.

இலங்கையில் காப்பித் தோட்டங்களும் பிறகு தேயிலைத் தோட்டங்களும் வளர்ந்தபோது இராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். மழை பொய்த்த வறட்டு நாட்டில் ஆள் கிடைப்பது சுலபம். போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர் குடும்பங்கள். பயணச் செலவே தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றும்போது இவர் இவ்வளவு கடன் பாக்கி என்று ஒரு சீட்டு எழுதுவார்கள். அதற்குத் 'துண்டு' என்று பெயர். அந்தத் தொகையைக் கட்டும் தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளும். 1921இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழிக்கும் வரை இது நடந்தது.

சரக்குக் கப்பலில் மூட்டைகளுக்கு ஒரு சீட்டு உண்டு. எங்கே ஏற்றியது, எங்கே இறக்க வேண்டியது, யாருக்குச் சொந்தம் என்று அதில் எழுதியிருக்கும். நம் பாட்டன் பாட்டிகளுக்கும் அப்படி ஒரு சீட்டு இருந்தது. சங்கிலியை ஆள்கிறவர் ஒருபுறம், சங்கிலியில் சரக்காகக் கட்டப்பட்டவர் மறுபுறம். இந்த வரலாறு எந்த எம்.பி.ஏ. புத்தகத்திலும் முதல் அத்தியாயமாக வராது. நம் பிள்ளைகள் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தால்தான் வரும்.

பேட்டை தந்த பாடம்

இதே மாவட்டத்தில் சரக்குப் போக்குவரத்தைக் கையில் எடுத்து மேலேறிய ஒரு சமூகத்தின் கதையும் இருக்கிறது. தீட்டு என்று கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நாடார் சமூகத்து வணிகர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தூர், பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களில் வேரூன்றினார்கள். வழிப்பறிக்கு அஞ்சிய அந்தக் காலத்தில் மாட்டுவண்டிகளும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்க மதில் கட்டிய இடங்களை அமைத்தார்கள். அவற்றைப் பேட்டை என்றார்கள். இன்றைய மொழியில் அவை கிடங்கும் லாரி முனையமும் சேர்ந்த இடம். சரக்கின் மேல் ஒவ்வொருவரும் செலுத்திய மகமை பொதுப்பணமாகச் சேர்ந்தது. 1889இல் விருதுநகரில் சத்திரிய வித்யாசாலை எழுந்ததற்குப் பின்னால் இந்த உறவின்முறைக் கட்டமைப்பு இருந்தது. வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியால் வளர்ந்த அந்தப் பள்ளியில்தான் காமராசர் படித்தார்.

மூட்டையிலிருந்து மகமை, மகமையிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து அதிகாரம். இந்த வரிசையை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். நம்மிடம் அன்று சரக்கு வாங்க முதல் இல்லை; வண்டி நிறுத்த நிலம் இல்லை; கடை போட்டாலும் நம் கையால் வாங்க ஊர் முன்வராது. கரியும் மிளகாயும் நாம் உழைத்து உருவாக்கியவைதான் என்றாலும், களத்தைத் தாண்டியதும் அவை நம்முடையவை அல்ல. ஆகவே அவர்கள் வந்த வழியில் நாம் அப்படியே போக முடியாது. நமக்கு வரிசை தலைகீழாக இருக்கிறது. படிப்பிலிருந்து தொடங்கித்தான் சரக்கின் கணக்குக்குப் போக வேண்டியிருக்கிறது.

இந்த வரிசையில் முன்னோடி அண்ணல் அம்பேத்கர். 1913இல் பரோடா அரசரின் உதவித்தொகையோடு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர், அங்கே பழங்கால இந்தியாவின் வணிகம் பற்றியும் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகம், நிதி பற்றியும் ஆய்வு எழுதினார். கம்பெனி இந்த நாட்டை எப்படிக் கணக்குப் போட்டுச் சுரண்டியது என்பதைக் கணக்கு வழியாகவே படித்தார். சாதியைப் பற்றி மட்டுமே அவர் எழுதினார் என்று நினைப்பவர்கள் அந்தப் பொருளாதார நூல்களையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

சாட்டை விளைவு

இனி வகுப்பறைக்குள் போவோம். உலகெங்கும் மேலாண்மைக் கல்லூரிகளில் இந்தப் பாடத்துக்காக ஆடப்படும் விளையாட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் உருவாக்கியது. பீர் விளையாட்டு என்று அதற்குப் பெயர். நான்கு பேர் உட்காருவார்கள். ஒருவர் சில்லறைக் கடை, ஒருவர் மொத்த வியாபாரி, ஒருவர் விநியோகஸ்தர், ஒருவர் ஆலை. ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கக் கூடாது. சீட்டில் ஆர்டர் மட்டும் எழுதி அடுத்தவருக்கு நகர்த்த வேண்டும்.

உதாரணத்துக்கு, கடையில் வாரம் 10 பெட்டி விற்றது 12 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று 15 கேட்கிறார். மொத்த வியாபாரி 20 கேட்கிறார். விநியோகஸ்தர் 30 கேட்கிறார். ஆலை 40 தயாரிக்கிறது. அடுத்த மாதம் கடையில் மறுபடி 10 பெட்டிதான் விற்கிறது. மேலே சரக்கு மலையாகக் குவிகிறது. ஆலை நின்றுவிடுகிறது. கடை முனையில் ஏற்பட்ட சின்ன அசைவு, ஆலை முனைக்கு வரும்போது பேரலையாகிவிடுகிறது. சாட்டையைப் பிடித்தவர் மணிக்கட்டை லேசாக அசைத்தால் போதும், நுனி காற்றைக் கிழிக்கும். அதனால் இதற்குச் 'சாட்டை விளைவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நல்ல பாடம். ஆனால் அந்த மேசையில் நான்கு நாற்காலிகள்தான் போடப்பட்டிருக்கின்றன. ஆலைக்குப் பின்னால் இருக்கும் ஐந்தாவது ஆளுக்கு நாற்காலி இல்லை. இந்த வாரம் ஓவர்டைம், அடுத்த வாரம் வேலை இல்லை என்று கேட்டுத் திரும்பி வரும் மில் பெண்ணும், 'லோடு இல்லை, போ' என்று சொல்லப்படும் சுமைதூக்கியும் அந்த விளையாட்டில் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் மேலை நாட்டுக் கடைகள் மூடப்பட்டபோது பெரிய துணி நிறுவனங்கள் ஆர்டர்களை ரத்து செய்தன. கைப்பிடி அசைந்த இடம் ஐரோப்பாவும் அமெரிக்காவும். நுனி விழுந்தது பின்னலாடைத் தொழிலாளியின் முதுகில்.

இன்னொரு பாடமும் இப்படித்தான். ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறை, தேவையான பொருள் தேவையான நேரத்துக்கு மட்டும் வரவேண்டும் என்கிறது. இருப்பு வைப்பது வீண் செலவு. உலகமே இதைப் பின்பற்றுகிறது. சரக்கைத் தேக்கி வைக்காமல் திடீர் ஆர்டரை எப்படிச் சமாளிப்பது? நூற்பாலைகளில் பல கண்ட வழி, ஆளைத் தேக்கி வைப்பது. வளாகத்துக்குள்ளேயே விடுதி, வெளியே போகக் கட்டுப்பாடு, எந்நேரமும் கூப்பிடு தூரத்தில் இளம்பெண்கள். மூன்று ஆண்டு முடித்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டிய 'சுமங்கலித் திட்டம்' இப்படித்தான் நம் கிராமங்களுக்குள் நுழைந்தது. சரக்குக் கிடங்கைச் சுருக்கியவர்கள் மனிதக் கிடங்கு கட்டினார்கள். நம் வீட்டுப் பிள்ளை இந்த வகுப்பில் இருந்தால் பேராசிரியரிடம் கேட்கக்கூடிய கேள்வி இது.

சங்கிலியைப் பிடித்து இழுத்தவர்கள்

கேள்வி கேட்டால் என்ன நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நடந்திருக்கிறது.

தமிழக மில்களில் தலித் இளம்பெண்கள் படும் பாடு பற்றி நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ ஆய்வு அமைப்பும் அந்த நாட்டிலேயே இயங்கிய ஐ.சி.என். அமைப்பும் 2011இல் அறிக்கை வெளியிட்டன. மில்லில் நூற்ற நூல் எந்த ஆலையில் துணியாகி, எந்த நிறுவனத்தின் சட்டையாக ஐரோப்பியக் கடைக்குப் போகிறது என்று கண்ணி கண்ணியாகத் தேடிப் போனதுதான் அந்த அறிக்கையின் பலம். அதன் பிறகு 'எங்களுக்குத் தெரியாது' என்று பெரிய நிறுவனங்கள் சொல்வது கடினமாகிவிட்டது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் களத்தில் இறங்கியது. உள்ளூரில் மட்டும் போராடியிருந்தால் வழக்கம்போல் இழப்பீட்டோடு முடிந்திருக்கும். அவர்கள் அந்த ஆலையின் சட்டையை வாங்குகிறவர்கள் யார் என்று பார்த்தார்கள். ஆசிய அடிப்படைக் கூலிக் கூட்டணியும் அமெரிக்கத் தொழிலாளர் அமைப்பும் துணை நின்றன. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய உலக நிறுவனங்களும் தனியே சட்டப்படி கட்டுப்பட்டுக் கையெழுத்திட்டன. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று உலகத் தொழிலாளர் இயக்கம் அதை அழைக்கிறது.

அதன் சூட்சுமம் எளிமையானது. பாலியல் வன்முறையும் துன்புறுத்தலும் நடந்து, ஆலை நிர்வாகம் திருத்திக்கொள்ளவில்லை என்றால், வாங்குகிற நிறுவனம் வணிக நடவடிக்கை எடுத்தாக வேண்டும். எந்தச் சங்கிலி வழியாக மேலிருந்து சாட்டை இறங்கியதோ, அதே சங்கிலியைக் கீழிருந்து பிடித்து இழுத்திருக்கிறார்கள் தலித் பெண்கள். அவர்களில் யாரும் எம்.பி.ஏ. படித்தவர்கள் என்பதற்காக இதைச் செய்யவில்லை. சங்கிலியைப் புரிந்துகொண்டதால் செய்தார்கள். அந்தப் புரிதலோடு பட்டமும் பதவியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டங்களும் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் இறந்தது உலகை உலுக்கியது. ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல் விநியோகச் சங்கிலிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலில் 3,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களும் 2024 முதல் 1,000 பேருக்கு மேல் உள்ளவையும், தமக்குச் சரக்கு தரும் ஆலைகளில் மனித உரிமை மீறப்படுகிறதா என்று பார்க்கக் கடமைப்பட்டவை ஆயின. இவற்றைத் தளர்த்தும் முயற்சிகளும் ஐரோப்பாவில் நடக்கின்றன. எப்படியிருந்தாலும், ஆலைகளைத் தணிக்கை செய்யவும் மூலப்பொருள் வந்த வழியைத் தேடவும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். மில் விடுதியின் சுவருக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பது அக்காவின் வாயிலாகத் தெரிந்த ஒரு தங்கை அந்தத் தணிக்கைக்குப் போனால், எந்தக் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

நம் மாவட்டத்திலேயே ஈ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா அமைக்க 2023இல் முடிவானது. பஞ்சு முதல் ஆடை வரை எல்லாக் கண்ணிகளையும் ஓரிடத்தில் சேர்ப்பதுதான் அதன் நோக்கம். அங்கே கூட்டித் துடைக்கவும் மூட்டை ஏற்றவும் நம்மவர்களைத் தேடி வருவார்கள் என்பதில் ஐயமில்லை. திட்டமிடும் அறையில் யார் இருக்கப் போகிறார்கள் என்பதை நாம் இப்போதே கேட்க வேண்டும்.

எங்கே, எப்படிச் சேர்வது?

பி.காம்., பி.எஸ்சி., பி.ஏ., பி.இ. என எந்த இளநிலைப் பட்டம் முடித்தவரும் எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு. ஐ.ஐ.எம். நிறுவனங்களுக்கு கேட் தேர்வு. பட்டப்படிப்பில் பொதுப் பிரிவுக்கு 50 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 45 சதவீதம் போதும். விண்ணப்பக் கட்டணமும் பாதிதான்.

இந்தத் துறைக்குப் பெயர் பெற்றது மும்பை ஐ.ஐ.எம். 1963இல் தொடங்கி நிட்டி என்ற பெயரில் இயங்கி 2023இல் ஐ.ஐ.எம். ஆன நிறுவனம் இது. உற்பத்தி, விநியோகச் சங்கிலிக்கென்றே தனி எம்.பி.ஏ. அங்கே உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் துறைமுகம், கப்பல், சரக்குப் போக்குவரத்து சார்ந்த எம்.பி.ஏ. படிப்புகள் உண்டு. குஜராத்தின் வதோதராவில் கதிசக்தி பல்கலைக்கழகம் 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. மத்திய நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதமும், தமிழக அரசுக் கலந்தாய்வில் 18 சதவீதமும் இடஒதுக்கீடு. அந்தப் பதினெட்டில் அருந்ததியர்க்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு இருப்பதை அந்தப் பிள்ளைகள் தவறாமல் பயன்படுத்த வேண்டும்.

பணம்? பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஐ.ஐ.எம். போன்ற நிறுவனங்களில் இடம் கிடைத்தால், மத்திய அரசின் உயர்தரக் கல்வித் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். வருமான வரம்பு 8 லட்சம். வெளிநாட்டில் முதுநிலை படிக்க மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. 2022இல் மத்தியத் திட்டத்தின் விதிகளைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றி ஆராயப் போகிறவர்களுக்கு உதவித்தொகை இல்லை என்றார்கள். சாதியைப் பற்றி வெளிநாட்டில் போய்ப் படிக்கக் கூடாது என்பதே அதன் பொருள். விநியோகச் சங்கிலி படிக்கத் தடையில்லை. அதற்குள் சாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை நாம் தேடிக்கொள்வோம்.

ஏமாறாமல் இருக்க

சில எச்சரிக்கைகள். எந்தக் கல்லூரியிலும் சேரும் முன், உங்கள் இடம் அரசு ஒதுக்கீடா, நிர்வாக ஒதுக்கீடா என்று எழுத்தில் கேளுங்கள். "ஸ்காலர்ஷிப் எல்லாம் நாங்க வாங்கித் தர்றோம்" என்ற முகவரின் வாய்ச்சொல்லை நம்பி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டு, பிறகு கட்டணம் முழுவதும் தலையில் விழுந்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். அசல் சான்றிதழ்களை யாரிடமும் அடகு போல் கொடுத்து வைக்காதீர்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கடைசி ஆண்டிலேயே தயார் செய்யுங்கள். 'லாஜிஸ்டிக்ஸ்' என்று பெயர்ப் பலகை மாட்டி ஆறு மாதச் சான்றிதழை முதுநிலைப் பட்டம் போல் விற்கும் இடங்களும் உண்டு. பல்கலைக்கழக அங்கீகாரத்தைப் பாருங்கள்.

ஆங்கிலமும் கணக்கும் பயமுறுத்தும். இரண்டுக்கும் ஓராண்டு உழைப்புப் போதும். சதவீதம், சராசரி, வரைபடம், எக்செல் ஆகியவை கைவந்தால் பாதிப் பாடம் வசப்படும். தமிழ் வழியில் படித்ததற்காகக் கூச வேண்டாம். களத்து மேட்டில் நின்று கழிவுக் கணக்கைப் பார்த்த பிள்ளைக்கு, புத்தகத்தில் மட்டும் படித்த பிள்ளையைவிடச் சீக்கிரம் விளங்கும் இடங்கள் இந்தப் பாடத்தில் நிறைய உண்டு.

பட்டம் வாங்கினால் கதவு தானாகத் திறந்துவிடும் என்றும் சொல்ல மாட்டோம். சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியோடு தனியார் வேலைகளுக்கு விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தலித் பெயர் தாங்கிய விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. நம் பக்கத்தில் பெயரில் சாதி இருப்பதில்லை. "எந்த ஊரு தம்பி? ஊருல எந்தப் பக்கம்?" என்று கேட்டே கண்டுபிடித்துவிடுவார்கள். தனியார் துறை இடஒதுக்கீடு என்ற கோரிக்கையை நாம் கைவிடாமல் இருப்பது இதனால்தான்.

வேலை தேடுவது மட்டுமே வழியும் அல்ல. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தாம் வாங்கும் சரக்கில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடி தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை சொல்கிறது. இதற்கு உதவவே 2016இல் தேசிய எஸ்.சி., எஸ்.டி. மையம் தொடங்கப்பட்டது. அந்த இலக்கு எட்டப்படாமலே ஆண்டுகள் போகின்றன. டெண்டர் ஆவணத்தைப் படித்து, தரம், விலை, காலக்கெடு கணக்கிட்டு, சரக்கைக் கொண்டுசேர்க்கத் தெரிந்தவர்கள் நம்மில் கூடினால், எழுத்தில் இருக்கும் இந்த உரிமையைக் கேட்டுப் பெறலாம். கரிமூட்டம் போடும் குடும்பங்கள் சேர்ந்து நேரடியாக விற்கும் நாளும் அப்போதுதான் வரும்.

இந்த ஆண்டு பட்டம் முடிக்கும் தம்பி தங்கைகளிடம் நாம் கேட்பது ஒன்றுதான். டான்செட், கேட் அறிவிப்புகளைக் கவனியுங்கள். உங்கள் ஊர் நூலகத்திலோ காலனிச் சமுதாயக் கூடத்திலோ நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து படிக்கத் தொடங்குங்கள். வேனில் மில்லுக்குப் போகும் அக்காவிடம், அவர் நூற்கும் நூல் எங்கே போகிறது என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது. அதைக் கண்டுபிடித்து அவருக்குச் சொல்வது உங்கள் முதல் பாடமாக இருக்கட்டும்.